பிரேக் பிடித்தேன் என்று ஒரு வார்த்தை

"ஒரே ஒரு வார்த்தை சொல்லு. பிரேக் புடிச்சேன்னு. அவ்வளவுதான், உன் சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் வந்து—"

"புடிக்காத பிரேக்கைப் புடிச்சேன்னு எப்படிடா சொல்றது?"

"—வந்து இறங்கிடும். காசு கிடையாது, கேள்வி கிடையாது. இங்க பாரு, ரிம் எப்படி உப்பியிருக்கு—"

"பாத்துட்டுத்தான் தூக்கிட்டு வந்தேன். கண்ணு எனக்கு நல்லாத்தான் இருக்கு."

"இது சூட்டுல உப்பினது. இறக்கத்துல பிரேக்கை விடாம அழுத்திக்கிட்டே வந்தா ரிம் கொதிக்கும், கார்பன் இளகும், அப்புறம் இப்படித்தான்—"

"எனக்கே பாடமா? பிரேக்கை அழுத்திக்கிட்டே வந்தது யாரு, நானா? இந்தப் பள்ளத்தாக்குல எவன்கிட்ட வேணாலும் போய்ச் சொல்லிப் பாரு. சிரிப்பான்."

"அப்ப எப்படித்தான் ஆச்சு? அதையாவது சொல்லு."

"சும்மா ஓட்டிக்கிட்டுப் போயிட்டிருந்தேன்."

சொல்லி முடித்ததும் கிளாடெட் வாயை மூடிக்கொண்டாள். நார்மண்ட் தலையைத் திருப்பிக் கடையின் பின்சுவரைப் பார்த்தான்.

அந்தச் சுவருக்குச் சும்மாச் சுவர் என்று பெயர். உடைந்த சக்கரத்தோடு கடைக்குள் நுழைகிறவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: சும்மா ஓட்டிக்கிட்டுப் போயிட்டிருந்தேன், தானா உடைஞ்சுது. குழியில் விழுந்தவரும் அதையே சொல்வார், மரத்தில் மோதியவரும் அதையே சொல்வார். அப்படிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களின் சக்கரங்கள் பெயர்ச்சீட்டோடு அங்கே தொங்குகின்றன. நடுநாயகமாகத் தொங்குவது பல் டாக்டர் டுவேன் கார்லிஸின் சக்கரம். சைக்கிளைக் கார் கூரையில் மாட்டியதை மறந்து, தன் வீட்டுக் கார் கொட்டகைக்குள்ளேயே காரை விட்டவர் அவர். சும்மா ஓட்டியதாகத்தான் அவரும் சொன்னார். கொட்டகைக் கதவின் பச்சைப் பெயின்ட் ரிம்மில் ஒட்டியிருந்ததை அவர் துடைக்க மறந்துவிட்டார். அன்றைக்குக் கடையில் எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது கிளாடெட்தான்.

"அங்க ஏண்டா பாக்கறே?" என்றாள் இப்போது.

"ஒண்ணுமில்ல. ஆணி காலியா இருக்கான்னு பாத்தேன்."

அக்காவும் தம்பியும். டாட்ரோ வீட்டுப் பிள்ளைகள். அக்காவுக்கு அறுபது தாண்டிவிட்டது. குளிர்காலம் முழுக்க நகரசபையின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறாள். பனி உருகிச் சேறு காய்ந்ததும் சைக்கிளை எடுத்துவிடுவாள். தம்பி, மேட் என்ற ஆற்றின் கரையில், பழைய மாட்டுக்கொட்டகையில், சைக்கிள் கடை வைத்திருக்கிறான். இந்தக் கார்பன் சக்கரங்களை அவளுக்கு விற்றவனும் அவன்தான். "கண்ணாடி மாதிரி நொறுங்கிடும், வாங்காதே" என்று அப்போது ஊரே சொன்னது. நொறுங்கவில்லை. எங்கள் வெர்மான்ட் மாநிலத்தின் குழிகளிலும் சரளைகளிலும், ஒருமுறை செத்துக்கிடந்த முள்ளம்பன்றி மேலும்கூட அவை ஏறி இறங்கின. ஒரு கம்பி தளர்ந்ததில்லை. நார்மண்ட் வருஷத்துக்கு ஒருமுறை கோட்டம் எடுக்க மாட்டிப் பார்ப்பான்; எடுக்கக் கோட்டம் இருக்காது. கழற்றிக் கொடுத்துவிடுவான். போன வாரம்வரை அப்படி.

வாரண்டி ஆயுள் முழுவதற்கும். அதுவும் தாராளமான வாரண்டி. ஓட்டும்போது எது நடந்தாலும் கம்பெனி பொறுப்பு: குழி, விழுதல், பிரேக் சூடு, எல்லாமே. பிரேக் சூடு என்றால் ஒரு படமும் ஒரு வாய்மொழியும் போதும், சக்கரம் கிளம்பிவிடும். தயாரிப்புக் கோளாறு என்று சொன்னால்தான் வம்பு. சக்கரத்தை அனுப்பி, அவர்கள் அறுத்துப் பார்த்து, பதில் வருவதற்குள் இலையெல்லாம் உதிர்ந்து பனி விழுந்துவிடும்.

ஆக, பிரேக் பிடித்தேன் என்று சொன்னால் சக்கரம் இலவசம். அதைச் சொல்லத்தான் கிளாடெட்டின் நாக்கு வளைய மறுத்தது.

காரணம் மலையுச்சியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சைக்கிள் கூட்டம் அப்பலேச்சியன் கணவாய்க்கு ஏறும். ஏறும்போது யார் முன்னால், யார் பின்னால் என்று ஒருவரும் கவலைப்படுவதில்லை. மூச்சு வாங்குவதற்கே நேரம் போதாது. உச்சியில் எல்லோரும் வந்து சேர்ந்ததும் வரிசை கட்டுவோம். வேகமாக இறங்குபவர் முதலில், அவருக்கு அடுத்தவர் இரண்டாவதாக, அப்படியே கடைசிவரை. கொண்டை ஊசி வளைவுகளில் ஒருவரை ஒருவர் முந்தவே கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. மெதுவாக இறங்குபவர் முன்னால் நின்றால் பின்னால் வருபவருக்கு ஆபத்து. எனவே அந்த வரிசையில் பொய் சொல்ல முடியாது. கிளாடெட் எத்தனையோ வருஷமாக முதல் ஆள். இறக்கம் முழுக்கப் பிரேக்கை அழுத்துகிறவள் என்று ஆகிவிட்டால் அவள் இடம் நடுவில் எங்கேயோ, மருந்துக்கடை பெஞ்சமினுக்கும் புது டீச்சருக்கும் இடையில். அவளுக்குப் போவது சக்கரம் இல்லை, அந்த இடம்.

கதவு மணி அடித்தது. கதவைத் தள்ளிக்கொண்டு டுவேனே வந்தார், கையில் ஒரு டயரோடு.

"என்ன, அக்காவும் தம்பியும் தெரு வரைக்கும் கேக்கற மாதிரி? பாலத்துல நடந்து வர்றப்பவே எனக்குக் கதை பாதி புரிஞ்சுபோச்சு."

"மீதிப் பாதிக்காக உள்ள வந்தீங்களாக்கும்" என்றாள் கிளாடெட்.

டுவேன் குனிந்து ரிம்மைத் தடவிப் பார்த்தார், கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல. "அடடா. நல்ல வீக்கம். சூடா?"

"இல்ல."

"ஆமா" என்றான் நார்மண்ட்.

டுவேனின் முகம் மலர்ந்தது. வரிசையில் இரண்டாவது ஆள் அவர். "அப்ப ஞாயித்துக்கிழமை நான் முன்னால போகணுமா? முன்கூட்டியே சொல்லிடுங்க கிளாடெட். மனைவி கீழே நின்னு படம் எடுப்பா. இத்தனை வருஷமா உங்க முதுகுக்குப் பின்னால என் தலை பாதிதான் விழுது."

"உங்க தலையில பாதி விழுந்தாலே அதிகம். சக்கரத்துல கோளாறு. கம்பெனிக்காரன் செஞ்ச கோளாறு. நார்மி, போனைப் போடு. நானே பேசறேன்."

நார்மண்ட் போடத் தயங்கினான். துணியால் கையைத் துடைத்தான், துடைத்த கையையே மறுபடி துடைத்தான். கிளாடெட் அவன் போனை எடுத்து எண்ணைப் போட்டு, படம் தெரியும்படி மேஜைமேல் சாய்த்து வைத்தாள். சற்று நேரம் இசை ஒலித்தது. பிறகு ஒரு சின்னப் பெண்ணின் முகம் வந்தது.

"வணக்கம், வாரண்டி பிரிவுலேருந்து ஷெல்பி பேசறேன். சக்கரத்துக்கு என்ன ஆச்சுங்க மேடம்?"

"சும்மா ஓட்டிக்கிட்டு—" கிளாடெட் இருமினாள். "உப்பியிருக்கும்மா. முன்சக்கரம். பிரேக் புடிக்கிற இடத்துல."

"காட்டுங்க. ம். ஆமா, உப்பியிருக்கு. மலைப்பக்கமா மேடம்? நீளமான இறக்கமா?"

"இறக்கந்தான். ஆனா நான் பிரேக்—"

"பிரேக் சூடுதான்மா" என்றான் நார்மண்ட் குறுக்கே. "நான் கடைக்காரன். நான் பாத்துட்டேன். அப்படியே எழுதிக்கோங்க."

"சரிங்க சார். அந்தப் பக்கம் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்க."

"அந்தப் பக்கமும் இதே மாதிரிதான்."

"ஒரு தடவை காட்டிடுங்க சார், படம் வேணும்."

நார்மண்டின் கை அசையவில்லை. கிளாடெட் அவனைப் பார்த்தாள். பிறகு சக்கரத்தை எடுத்து, தோசையைத் திருப்புகிறாற்போல் ஒரே சுழற்றில் திருப்பினாள். மறுபக்கம் வழவழவென்று, வாங்கிய நாளில் இருந்ததுபோல இருந்தது. ஒரு புடைப்பு இல்லை.

"மேடம், இது பிரேக் இல்லீங்க" என்றாள் ஷெல்பி. "பிரேக் கட்டை ரெண்டு பக்கமும்தானே புடிக்குது. சூடேறினா ரெண்டு பக்கமும் ஏறும். இது ஒரு பக்கம், அதுவும் ஒரே ஒரு இடம். அப்ப மாட்டியிருந்த டயர் இருக்கா?"

"அது திங்கட்கிழமையே வெடிச்சுது. கண்ணாடி குத்திடுச்சுன்னு நினைச்சுத் தூக்கிப் போட்டுட்டேன்."

"தொட்டுப் பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?"

"பிசுபிசுன்னு இருந்துச்சு. தார்ல ஓட்டியிருப்பேன்னு விட்டுட்டேன்."

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. அதுக்கு முந்தி சைக்கிளை ஏதாவது வண்டிக்குப் பின்னால மாட்டி எடுத்துட்டுப் போனீங்களா?"

கிளாடெட் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்னா எங்களுக்கு ஒவ்வொரு கோடையிலயும் இப்படி வரும்" என்றாள் ஷெல்பி. "வண்டியோட சைலன்ஸர் குழாய்க்கு நேரா சக்கரம் நிக்கும். வண்டி ஓடும்போது காத்து அடிக்கறதால அவ்வளவு தெரியாது. இஞ்சினை அணைக்காம ஒரே இடத்துல நிறுத்தி வெச்சா, அடுப்புல வாட்டின மாதிரிதான்."

போன ஞாயிறு மழை. உச்சியிலேயே பிடித்துக்கொண்டது. நார்மண்ட் கடை வேனைக் கொண்டுவந்து எல்லோரையும் ஏற்றினான். சைக்கிள்கள் பின்னால் தாங்கியில். கடைசியாக மாட்டியது கிளாடெட்டுடையது. திரும்பும் வழியில், மழையென்றும் பாராமல், மேப்பிள் கிரீமி ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டும் என்று பாதிப் பேர் அடம்பிடித்தார்கள். கடைக்காரி கூம்பு கூம்பாகச் சுற்றிக் கொடுக்க, வேனுக்குள்ளேயே உட்கார்ந்து நிதானமாக நக்கிக்கொண்டிருந்தோம். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஹீட்டர் போடுங்கன்னு சொன்னது நான்தான்" என்றார் டுவேன் மெதுவாக. "எனக்குக் குளிர் தாங்காது."

"தாங்காதவருக்கு ரெண்டாவது கூம்பு எதுக்காம்?" என்றாள் கிளாடெட்.

"மேடம்" என்றாள் ஷெல்பி, "ஓட்டும்போது ஆனதுக்குத்தான் வாரண்டி. வண்டியில மாட்டும்போது ஆனதுக்குக் கிடையாது. அதைச் சொல்லிடணும். நான் இன்னும் எதையும் பதிவு பண்ணல. காரணம்னு நீங்க கடைசியா எதைச் சொல்றீங்களோ அதைத்தான் எழுதணும்."

அந்தப் பெண்ணுக்கு நல்ல மனசு. மூவருக்கும் அது புரிந்தது. நார்மண்ட் அக்காவைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினான். டுவேன் கூரையைப் பார்த்துக்கொண்டார்.

"சைலன்ஸர்னு எழுதிக்கோம்மா" என்றாள் கிளாடெட். "பெருசாவே எழுதிக்கோ. பிரேக் இல்லைன்னு பக்கத்துல ஒரு கோடும் போட்டுக்கோ."

"அப்ப புதுசு இலவசமா வராதுங்க."

"வரவேண்டாம். நீ சாப்பிட்டியா? குரல் சோர்ந்திருக்கு."

ஷெல்பி சிரித்துவிட்டுப் போனை வைத்தாள். டுவேன் கொண்டுவந்த டயரைக் கொடுக்காமலேயே, கதவு மணி கூட ஒலிக்காதபடி நழுவிவிட்டார். மாலைக்குள் ஊருக்கே கதை தெரிந்துவிடும். அதற்குத்தான் அந்த அவசரம்.

கிளாடெட் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நீ முன்னாடியே மறுபக்கத்தைப் பாத்துட்டே."

"பாத்தேன்."

"உன் வேன்தான்னும் தெரியும்."

"சந்தேகம் இருந்துச்சு."

"வேனை மறைக்கறதுக்கா என் தலையில பிரேக்கைக் கட்டினே? ஒரு ரிம்முக்காகவா?"

"வேனுக்காக இல்ல." நார்மண்ட் திருகுகளை அளவுவாரியாகப் பிரிக்க ஆரம்பித்தான். அவை ஏற்கெனவே பிரித்துத்தான் இருந்தன. "ஜூன்ல, மூணாவது வளைவுல, உனக்குப் பின்னால நான் வந்துட்டிருந்தேன். டுவேன் அன்னிக்கு வரல. சரளையில உன் பின்சக்கரம் வழுக்கி, ரோட்டு நடுக்கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போயிடுச்சு. எதிர்ல ஒரு மரலாரி வந்திருந்தா? நீ திரும்பிக்கூடப் பாக்கல. கீழ போய் நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தே. நான் அந்த வளைவுலயே சைக்கிளைச் சாத்திட்டு உக்காந்துட்டேன். காலு நிக்கல."

"சங்கிலி கழண்டுபோச்சுன்னு சொன்னியே."

"சங்கிலிக்கு என்ன கேடு. நீ பின்னால போகணும்னு நான் சொன்னா நீ கேப்பியா? என் பொண்டாட்டி சொல்லியே நான் எதையும் கேட்டதில்லையே. சக்கரம் சொன்னா நீ கேப்பேன்னு நினைச்சேன். பிரேக் சூடுன்னு ஒரு பேரு வந்தா, நீயாவே நடுவுல போய் நின்னுக்குவே. புதுச் சக்கரமும் சும்மா கிடைக்கும். ரெண்டு வேலையும் ஒண்ணா முடியும்னு பாத்தேன்."

கிளாடெட் அவனை உற்றுப் பார்த்தாள். கோபம் வரும் என்று அவன் தோளைக் குறுக்கிக்கொண்டான். வந்தது சிரிப்பு. முதலில் மூக்கு வழியாக, பிறகு முக்காலி ஆடும் அளவுக்கு.

"என்ன?"

"நான் புடிக்கிறேன்டா."

"எதை?"

"பிரேக்கைத்தான். ஜூன்லேருந்து. அந்த மூணாவது வளைவுல, உள்ள நுழையறதுக்கு முந்தி. ரெண்டு விரல். உனக்குக் காலு நிக்கலன்னியே, எனக்கு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல. கீழ நின்னு சிரிச்சதெல்லாம் பயத்துல வந்த சிரிப்பு."

"நான் பின்னாலயே பாத்துக்கிட்டு வரேன். எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரியற மாதிரியா புடிப்பேன்?"

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட இல்லவே இல்லைன்னு அவ்வளவு வீராப்பா—"

"அவ கேட்டது ரிம்மைப் பத்தி. இந்த ரிம்மை உப்ப வெச்சது என் விரல் இல்ல, உன் வேன். அதுல பொய் கிடையாது."

நார்மண்ட் திருகுகளை அப்படியே விட்டுவிட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். இருவருமாகச் சிரித்த சிரிப்பில், மேலே உத்தரத்தில் குடியிருந்த புறாக்கள் பறந்தன.

அன்று மாலையே அவன் புதுச் சக்கரம் கட்டத் தொடங்கினான். அலுமினிய ரிம், நிறையக் கம்பி. கிளாடெட் ஒவ்வொரு கம்பியாக எடுத்து நீட்டினாள். நீட்டும்போதெல்லாம் ஒரு குறை சொன்னாள்.

"இது என்ன சக்கரமா, பால் வண்டிக்குக் கழட்டினதா? இவ்வளவு கம்பி எதுக்கு?"

"உடையாது."

"கனம்."

"மேலே ஏறும்போதுதான் கனம். இறங்கும்போது நல்லதுதான்."

"வாரண்டி எவ்வளவு நாளைக்கு?"

"நான் இருக்கற வரைக்கும்."

"நீ தினமும் பன்றிக்கொழுப்புல பொரிச்ச டோனட் தின்னுறதைப் பாத்தா அது ரொம்ப நாள் மாதிரி தெரியலையே. எழுத்துல குடு."

அவன் எழுத்தில் கொடுக்கவில்லை. உப்பிய கார்பன் சக்கரத்தை எடுத்துப் போய்ச் சும்மாச் சுவரின் காலி ஆணியில் மாட்டினான். பெயர்ச்சீட்டில் தன் பெயரையே எழுதி, கீழே, சும்மா நிறுத்தி வெச்சிருந்தேன், என்று சேர்த்தான். அக்கா அதைப் படித்துவிட்டு, எழுத்து கோணல் என்றாள். பிறகு புதுச் சக்கரத்தைத் தாங்கியில் சுழலவிட்டுக் கண்ணை இடுக்கிப் பார்த்தாள். நூல் பிடித்தாற்போல் ஓடியது. அதற்குக் குறை சொல்ல அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. சுழல்வது நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மேப்பிள் மரங்கள் சிவக்க ஆரம்பித்திருந்தன. உச்சியில் எல்லோரும் வந்து சேர்ந்து, தண்ணீர் குடித்து, மேல்சட்டையின் ஜிப்பை இழுத்துவிட்டு வரிசையில் நின்றோம். டுவேன் தன் வேலையைக் குறைவில்லாமல் செய்திருந்தார். சைலன்ஸர் கதை தெரியாதவர் ஒருவரும் இல்லை. கிளாடெட் வழக்கம்போல் முன்னால் வந்து நின்றபோது, "சும்மா ஓட்டுங்க கிளாடெட்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது.

அவள் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"சிரிச்சு முடிச்சாச்சா? ஒரு விஷயம் சொல்லணும். இந்த வரிசையில பொய் சொல்லக் கூடாது. நான் சொல்லிட்டிருந்தேன், ஜூன்லேருந்து. இறங்கும்போது நான் பிரேக் புடிக்கிறேன்."

சிரிப்பு நின்றது. புது டீச்சர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தாள், இது வேடிக்கைப் பேச்சா என்று தெரியாமல். டுவேனுக்குப் பின்னால் நின்ற நார்மண்ட் தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒரு வளைவுலதான். ஆனா புடிக்கிறேன். அதனால இந்த இடம் எனக்குத்தான்னு நான் சொல்லப்போறதில்ல. என்னைவிட வேகமா இறங்கறவங்க யாராவது இருந்தா முன்னால வாங்க. நான் நகர்ந்துக்கறேன். மனசார நகர்ந்துக்கறேன்."

அவள் நிஜமாகவே நகர்ந்தாள். முதல் இடத்தைக் காலியாக விட்டு, சைக்கிளோடு புல்மேல் ஏறி நின்றாள்.

யாரும் முன்னால் வரவில்லை. பெஞ்சமின் காலணி நாடாவைச் சரிசெய்யக் குனிந்தார். அவர் காலணிக்கு நாடாவே கிடையாது. எல்லோர் பார்வையும் டுவேன்மேல் விழுந்தது. டுவேன் காலியாக இருந்த இடத்தைப் பார்த்தார். அதற்கு அப்பால் சரிந்து மறையும் சாலையைப் பார்த்தார். அவர் மனைவி கீழே படக்கருவியோடு காத்திருந்தாள். அவர் ஒரு காலை முன்னால் எடுத்து வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு அந்தக் காலைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொண்டார்.

"நான் எல்லா வளைவுலயும் புடிக்கிறேன்" என்றார், தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர் குரலில்.

"நானுந்தான்" என்றாள் டீச்சர்.

"வளைவு இல்லாத இடத்துலயும் புடிக்கிறேன்" என்றார் பெஞ்சமின், குனிந்தபடியே.

வரிசை ஆளாளுக்குத் தன் கணக்கைச் சொல்ல ஆரம்பித்தது. இரண்டு கையாலும் பிடிக்கிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிறவர்கள், பிடித்துக்கொண்டே கீழே தேவாலயம் தெரியும்வரை ஜெபம் சொல்கிறவர்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே நார்மண்ட் தன் மூன்றாவது இடத்திலிருந்து நடந்து வந்தான். அக்காவின் முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, அச்சை ஒருமுறை இறுக்கிப் பார்த்து, அவள் சைக்கிளின் மூக்கைப் பிடித்துக் காலி இடத்துக்குத் திருப்பி வைத்தான். பிறகு தன் இடத்துக்குத் திரும்பிப் போனான்.

கிளாடெட் ஏறி உட்கார்ந்தாள். ஒரு மிதி, இன்னொரு மிதி. சாலை அவளை வாங்கிக்கொண்டது. தோள் தாழ்ந்தது, சட்டை முதுகில் ஒட்டியது, முதல் வளைவுக்குள் அவள் சாய்ந்த சாய்வைப் பார்த்து டீச்சர் வாயில் கை வைத்தாள்.

அடுத்து, அவள் பின்சக்கரத்தை ஒட்டியே இறங்கவேண்டிய டுவேன் அப்போதுதான் எதையோ யோசித்தவர்போல் நிமிர்ந்து, இரு கையையும் வாயருகே குவித்து, மலையிறக்கத்தை நோக்கிக் கத்தினார்.

"கிளாடெட், அது எந்த வளைவுன்னு சொல்லிட்டுப் போங்க."